பட்டினி என்று நம்பிய உடம்பு

தனப்பிரியாவைக் கடித்தது ஒரு நாய்க்குட்டி. கடித்தது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பால்சோற்றுத் தட்டைத் தள்ளி வைக்கப் போன கையில், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள சதையில், குண்டூசி முனை அளவுக்கு ஒரு பல் இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றுபோனது. குட்டி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சோற்றைத் தின்றது.

புதன்சந்தையில் சேலம் ரோட்டோரமாக அவளும் கணவன் மோகன்குமாரும் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருந்தார்கள். ஆடிக் காற்று முடிந்து மழை தொடங்குவதற்குள் நாமக்கல் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தார்ப்பாய் ஞாபகம் வரும். கிழிசலுக்கு ஒட்டுப் போட, ஓரம் மடித்து அடிக்க, வளையம் மாற்ற என்று வண்டிகள் வரிசையாக நிற்கும். மோகன்குமார் தரையில் பாயை விரித்து அளந்து வெட்டுவான். தனப்பிரியா மோட்டார் வைத்த தையல் மிஷினில் உட்கார்ந்து, மலைபோலக் குவிந்த பாயை மடியில் இழுத்து இழுத்துத் தைப்பாள். எந்த வண்டியிலிருந்து அந்தக் குட்டி இறங்கியது என்று தெரியவில்லை. ஒரு நாள் காலையில் வெட்டுத்துணிக் குவியலில் படுத்திருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள்.

கடித்ததை அவள் அலட்சியம் செய்யவில்லை. சோப்புப் போட்டுக் குழாயடியில் வெகுநேரம் கழுவினாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். நர்ஸ் காயத்தைப் பார்த்துவிட்டு, ரத்தம் வந்திருப்பதால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டும், அதற்கு நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். எழுதும்போதே கேட்டாள்.

"வேற எதுக்காச்சும் மாத்திரை சாப்படறீங்களாக்கா?"

"பிரஷருக்குங்க."

அது பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை. அவளுக்குப் பின்னால் அவர்கள் தெருக்காரப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். அவள் காதில் விழும்படி தனக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது என்று சொல்லத் தனப்பிரியாவுக்கு வாய் வரவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய கதை அது. முதல் பிரசவத்தில் எட்டாம் மாதமே ரத்த அழுத்தம் ஏறிக் குழந்தை தங்கவில்லை. அதோடு அவளுடைய இரண்டு சிறுநீரகமும் மெல்ல மெல்லச் சுருங்கத் தொடங்கின. டயாலிசிஸ் வரைக்கும் போனாள். அம்மாவுக்குச் சர்க்கரை, மோகன்குமாருக்கு ரத்த வகை சேரவில்லை. அண்ணன் சரவணமுத்து, சேந்தமங்கலத்தில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் பாக்குமாகத் தோட்டம் வைத்திருப்பவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே, "என்னோடத எடுத்துக்கச் சொல்லு சாமி" என்றான். அங்கேயே முடிவாயிற்று. அண்ணி பிரவீனா அன்றைக்கு வீட்டில் இருந்தாள். விஷயம் அவளுக்குப் பிறகுதான் போனது. எல்லாக் காகிதத்திலும் அவள் கையெழுத்துப் போட்டாள், ஆஸ்பத்திரியில் புருஷனுக்கு எல்லாம் செய்தாள். ஆனால் அதற்குப் பிறகு தனப்பிரியாவிடம் அவள் பேச்சு, வா, உட்கார், சாப்பிடு என்ற மூன்று சொல்லுக்கு மேல் போனதில்லை.

சொந்த ஊரில் தனப்பிரியா 'கிட்னி மாத்துன புள்ள' ஆகிவிட்டாள். கல்யாண வீட்டில், கடைத்தெருவில், கோயிலில், பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் அவள் முகத்தையும் பிறகு வயிற்றையும் பார்த்தார்கள். யார் கொடுத்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார்கள். புதன்சந்தைக்குக் கடையை மாற்றிக்கொண்டு வந்ததில் பாதிக் காரணம் அதுதான். இங்கே அவள் வெறும் தார்ப்பாய் தைப்பவள்.

பெரியாஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றி மருந்தைப் போட்டார்கள். தடுப்பூசியை ஒரு தவணைகூடத் தவறாமல் போட்டு முடித்தாள். நடுவில் ஒன்று நடந்தது. கடித்து ஒரு வாரம்கூட இருக்காது, குட்டி சோறு தின்பதை நிறுத்தியது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தாண்டிப் போய்த் தார்ப்பாய் ஓரத்தைக் கடித்துக்கொண்டே கிடந்தது. மறுநாள் ஒரு லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. மோகன்குமார் கடைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவினான். கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெறியா, வேறு நோயா, வண்டி ஏதாவது தட்டிவிட்டதா, இனித் தெரிந்துகொள்ள வழியில்லை.

"ஊசிதான் போட்டுட்டியே" என்றான் மோகன்குமார். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

தவணை முடிந்து கொஞ்ச நாளில், வழக்கமான பரிசோதனைக்காகச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் தன் சிறுநீரக மருத்துவரிடம் போனாள். டாக்டர் சித்தார்த் அதிகம் பேசாதவர். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். கிரியேட்டினின் ஒன்று புள்ளி இரண்டு. கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று சொல்லும் எண் அது, ஊர்ப்பேச்சில் 'உப்பு', ஏறினால் கெடுதல். ஐந்து வருஷமாக அது அசையவில்லை. "அண்ணன் நல்ல கிட்னியாப் பாத்துக் குடுத்திருக்கார்" என்று எப்போதும் சொல்வதைச் சொன்னார். எழுந்திருக்கும்போது அவள்தான், சொல்லி வைப்போம் என்று நாய்க்குட்டி விஷயத்தைச் சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"எப்போம்மா?"

சொன்னாள்.

"கிட்னி மாத்தினத அங்க சொன்னீங்களா?"

"பிரஷர்னு மட்டுந்தானுங்க சொன்னேன்."

"நாய் என்னாச்சு?"

"செத்துப் போச்சுங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அப்போதே ரத்தம் எடுக்கச் சொன்னார். தடுப்பூசி போட்டதற்கு உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. ரத்தம் பெங்களூருக்குப் போய் முடிவு வர வேண்டும். முடிவு வந்ததும் கணவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

முடிவு வந்தது. இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை.

டாக்டர் அறையில் மோகன்குமாருக்கு உட்கார முடியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றான். "ஏனுங்க சார், அத்தன ஊசியும் போட்டாளுங்களே. மருந்து கெட்டுப்போன மருந்துங்களா?"

"மருந்துல ஒரு குத்தமும் இல்லீங்க. கேக்க வேண்டிய உடம்பு கேக்கல." அவர் மேஜையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அவள் காலையும் மாலையும் போடும் எவரோலிமஸ். "ஊசி போட்டா உள்ள என்ன நடக்குது தெரியுங்களா? வெள்ளை அணு இருக்குல்ல, அது இந்தக் கிருமிய எதுக்கறதுக்குத் தன்னை மாதிரியே ஆயிரக்கணக்குல பெருக்கிக்கணும். பெருகணும்னா சாப்பாடு வேணும். அதனால ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் ஒரு காவக்காரன் மாதிரி ஒண்ணு உக்காந்து, சத்து வந்திருக்கா, புரோட்டீன் இருக்கா, சர்க்கரை இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும். இருந்துச்சுன்னா பெருகுன்னு சொல்லும். இல்லேன்னா பொறுத்துக்கன்னு சொல்லும்."

"செரிங்க."

"இந்த மாத்திரை அந்தக் காவக்காரன் கண்ணைக் கட்டிருது. சாப்பாடு நிறைய இருந்தாலும் இல்லேன்னு நினைச்சுக்கும். அப்படி நினைக்க வெக்கறதுக்குத்தான் நானே குடுத்தேன். இல்லேன்னா அதே வெள்ளை அணு பெருகி, இது யாரோடது, நம்மது இல்லையேன்னு உங்க அண்ணன் கிட்னியப் போய் அடிக்கும். அங்க அடங்கிக் கிடக்கறது, தடுப்பூசிக்கும் அடங்கியே கிடந்துருச்சு."

தனப்பிரியா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப என் உடம்பு பட்டினி கிடக்குதுங்களா?"

"கிடக்கலம்மா. கிடக்கறதா நம்புது."

தான் முழுக்கச் சத்தியம் செய்ய முடியாது என்றும் அவர் சொன்னார். இதே வகை மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்தபோது சில முதியவர்களுக்குத் தடுப்பூசி முன்பைவிட நன்றாகவே வேலை செய்ததாக ஆராய்ச்சி இருக்கிறது. அவள் சாப்பிடும் மற்ற இரண்டு மாத்திரைகளுக்கும் இதில் பங்கு இருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் காயத்தில் போட்ட மருந்தின் காவல் சில வாரம்தான், அது இந்நேரம் தீர்ந்திருக்கும். நோய் வருவதாக இருந்தால் அடுத்த மாதமும் வரலாம், அடுத்த வருஷமும் வரலாம். வந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

எவரோலிமஸைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, இன்னொரு மாத்திரையைச் சிறிது கூட்டி, தடுப்பூசியை முதலிலிருந்து மறுபடி போட வேண்டும் என்பது அவர் யோசனை. வாராவாரம் கிட்னியைச் சோதித்துக்கொள்ளலாம்.

"நிறுத்துனா கிட்னிக்கு என்னாகுங்க?"

"ஒண்ணும் ஆகாமயும் போகலாம். உடம்பு முழிச்சுக்கிட்டு அதை எதிர்க்கவும் செய்யலாம்."

"எங்கண்ணங்கிட்டக் கேக்கோணுங்களா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். "அது இப்ப உங்க கிட்னிம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கணவனிடம் சொன்னாள். "நான் நிறுத்தலீங்க. நாய்க்கு வெறின்னு யாரு கண்டா? இல்லாம இருந்தா, சும்மா கெடந்த கிட்னியக் கெடுத்த மாதிரி ஆயிரும்."

"இருந்தா?"

"இருந்தா நான் ஒருத்திதான் போவேன். அண்ணன் குடுத்ததக் கெடுத்தேன்னு ஆகாது."

மோகன்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மல்லூர் தாண்டியது. பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், "நீ போனா அந்தக் கிட்னி மட்டும் எங்க இருக்கும் தனம்? எங்கூட வந்து தார்ப்பாய் தைக்குமா?" என்றான். அவள் அழுதாள். மறுநாள் காலை மாத்திரையை அவள் போடவில்லை. அன்றே முதல் ஊசியும் போட்டுக்கொண்டாள்.

எவரோலிமஸ் சாப்பிட்ட காலமெல்லாம் அவள் வாயில் புண் ஆறியதே இல்லை. உதட்டுக்குள்ளும் நாக்கின் ஓரத்திலும் சின்னச் சின்னதாக வெள்ளைப் புண்கள். காரம் என்பதை மறந்துவிட்டிருந்தாள். மாத்திரையை நிறுத்தின இரண்டாவது வாரத்தில் புண் ஒவ்வொன்றாக ஆறியது. ஒரு நாள் நிலக்கடலைச் சட்னியில் வரமிளகாய் சேர்த்து அரைத்து, இட்லியோடு வயிறு நிறையச் சாப்பிட்டாள். நாக்கு சுள்ளென்றது. அந்தச் சுகத்தோடு அவள் நெஞ்சுக்குள் ஒரு பயமும் ஏறியது. உள்ளே கோடிக்கணக்கான அணுக்களும் இப்படித்தான் கண் திறந்து, சோறு இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். பெருகட்டும் என்று நினைத்தாள். உடனே, ஐயோ, பெருக வேண்டாம் என்றும் நினைத்தாள். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பாதி இட்லியோடு எழுந்துவிட்டாள்.

இன்னொரு பயம் அதைவிட மோசமாக இருந்தது. வெறிநோய் வந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். மோகன்குமார் அப்படி ஒருவரைக் காட்டும், யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, அது அவள் கண்ணில் படாமலிருக்கப் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். அவள் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பாள். முதல் வாய் இறங்கும்வரை மூச்சை விட மாட்டாள். அந்த நேரத்துக்குச் சரியாக மோகன்குமார் சமையலறை வாசலில் ஏதோ தேடுகிற மாதிரி வந்து நிற்பான். தண்ணீர் இறங்கியதும் போய்விடுவான்.

முதல் வாரப் பரிசோதனையில் கிரியேட்டினின் அசையவில்லை. அடுத்த வாரம் ஒன்றரை. டாக்டர் போனில், "பாக்கலாம், தண்ணி நல்லாக் குடிங்க" என்றார். அடுத்ததில் இன்னும் ஏறியது. ஊசிகள் முடியட்டும், அதுவரை பொறுக்கலாம் என்றார். மிஷின் பெடலை மிதிக்கும்போது செருப்பு வார் காலில் பதிந்து தடம் விழுவதை அவள் கவனித்தாள். அன்று மதியமே மிஷினை நிறுத்திவிட்டுச் சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள்.

அண்ணன் தோட்டத்தில் இருந்தான். பிரவீனா வாசலில் பாக்குக் காய வைத்துக்கொண்டிருந்தாள். "வா" என்றாள். பிறகு "உக்காரு". தனப்பிரியா உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாய்க்குட்டி, ஊசி கேட்காமல் போனது, மாத்திரையை நிறுத்தியது, கால் வீக்கம். சொல்லி முடிப்பதற்குள் சரவணமுத்துவும் மண்வெட்டியோடு வந்து நின்றுவிட்டான். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டையில்லாத உடம்பில், விலாவுக்குக் கீழே தழும்பு இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டான். தான் அப்படிச் செய்வது அவனுக்கே தெரிந்திருக்காது.

"அண்ணா, நான் கெடுத்துட்டனாட்ட இருக்குது" என்றாள் தனப்பிரியா.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சாமி. உசுரு முக்கியம். நீ நல்லாயிருந்தாப் போதும்."

பிரவீனா கையில் இருந்த பாக்கைத் தட்டில் போட்டாள்.

"எப்ப நிறுத்துன?"

"மூணு வாரம் ஆச்சுங்க அண்ணி."

"மூணு வாரம். இன்னிக்கு வந்து சொல்ற."

"பயமா இருந்துச்சுங்க. அண்ணன் குடுத்தது..."

"உங்கண்ணன் குடுத்ததப் பத்தி நான் பேசல தனம். குடுத்த அன்னிக்கே அது உன்னுது. எனக்கு அதும்மேல ஒரு கோவமும் இல்ல." அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கு ஆஸ்பத்திரில அண்ணனும் தங்கச்சியும் பேசி முடிச்சுட்டு எனக்குப் போன் பண்ணுனீங்க. என்ன பிரவீனா, நீ என்ன சொல்றேன்னு ஒருத்தர் கேக்கல. இந்த ஊட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்குது. இந்த மனுசனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாக்கறது நான். இப்பவும் பாரு. எல்லாம் முடிச்சுப்போட்டுச் சொல்றதுக்குத்தான் வந்திருக்கற."

"பிரவீனா, உடு" என்றான் சரவணமுத்து.

"உட்டுத்தானுங்க இருக்கறேன், அஞ்சு வருசமா."

இத்தனை நாளும் அண்ணி தன்னைத் திருடி மாதிரிப் பார்க்கிறாள் என்றே தனப்பிரியா நினைத்துக்கொண்டிருந்தாள். இது வேறு. இதற்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "வாரேனுங்க" என்று கிளம்பினாள். பிரவீனா உள்ளே போய்ச் சாப்பாட்டுத் தட்டோடு திரும்பி வந்தபோது அவள் ரோட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

கடைசி ஊசிக்கு இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தின் முடிவும், கிட்னிப் பரிசோதனை முடிவும் ஒரே நாளில் வந்தன. டாக்டர் முதலில் நல்லதைச் சொன்னார். தடுப்பூசி பிடித்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. நாய்க்குட்டிக்கு வெறி இருந்திருந்தாலும் இனிப் பயப்பட வேண்டாம் என்றார். மோகன்குமார் அங்கேயே கீழே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"அந்தக் காவக்காரன் முழிச்சுக்கிட்டான்" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கிரியேட்டினின் இரண்டைத் தாண்டிவிட்டது. உடம்பு கிட்னியையும் கண்டுகொண்டது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிட்னிக்குள் ஊசி விட்டுச் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில், உடம்பு அதோடு சண்டை தொடங்கியிருப்பது உறுதியாயிற்று. எவரோலிமஸ் மறுபடி வந்தது. அதோடு மூன்று நாள் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது. மோகன்குமார் யாரைக் கூப்பிடுவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது பிரவீனா ஒரு பையோடு வந்து நின்றாள். யார் அவளுக்குச் சொன்னது என்று தனப்பிரியா கேட்கவில்லை. உப்பைக் குறைத்துச் செய்த ரசமும், வடித்த சோறும், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவும் பையில் இருந்தன. மருந்து ஏறுகிற கையைத் தனப்பிரியா அசைக்க முடியாதபோது பிரவீனாவே ஊட்டினாள். பேச்சு மட்டும் பழையபடிதான். இதைத் தின்னு. தண்ணி வேணுமா. படு. ஸ்டீராய்டால் தனப்பிரியாவுக்குத் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடவென்று அடித்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது. ஒருநாள் காலையில் அவள் அழுதபோது பிரவீனா தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே, "அழுதா உப்புக் கொறையுமா?" என்றாள். தனப்பிரியாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

எண் மெல்ல இறங்கியது. ஒன்று புள்ளி ஏழில் வந்து நின்றுகொண்டது. அதற்குக் கீழே போகவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் சரவணமுத்துவும் வந்திருந்தான். டாக்டர் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: கிட்னி தப்பிவிட்டது, ஆனால் பழைய கிட்னி இல்லை, தழும்பு விழுந்த இடம் திரும்பாது, இதோடு பல வருஷம் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

"எத்தன வருசங்க?" என்று கேட்டாள் தனப்பிரியா.

"அதை என்னால சொல்ல முடியாதும்மா."

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அவன் அவளைப் பார்த்து, "பரவால்ல சாமி" என்றான். எழுந்து கும்பிடப் போனவனைப் பிரவீனா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"டாக்டருங்க, இவரையும் ஒரு தடவ பாத்துருங்க. ஒத்தக் கிட்னியோட இருக்கறவரு. வருசா வருசம் டெஸ்ட் எடுக்கோணும்னு சொல்லி அனுப்புனீங்க. ரெண்டு வருசமா வர மாட்டேங்கறாரு. நல்லாத்தான இருக்கறேங்கறாரு."

சரவணமுத்து நல்லாத்தான் இருக்கறேன் என்றான். டாக்டர் அவன் புஜத்தில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்த்தார். அதிகமாக இருந்தது. ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் எழுதிக் கொடுத்தார். பயப்படுகிற அளவுக்கு இருக்காது, ஆனால் விடக்கூடாது என்றார். இந்த ஐந்து வருஷமும் தன் எண்ணை மட்டுமே தனப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கும் ஒரு எண் உண்டு என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கடையில் தார்ப்பாய் குவிந்து கிடந்ததால் மோகன்குமார் காலையிலேயே போய்விட்டிருந்தான். மற்ற மூவரும் நாமக்கல் பஸ்ஸில் ஏறினார்கள். பெண்கள் இருவருக்கும் சேர்ந்து ஒரு சீட் கிடைத்தது. சரவணமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றான். கூட்டத்தில் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. வியர்வையில் நனைந்த சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. தனப்பிரியா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த தடவ எப்ப வரச் சொல்லியிருக்கறாரு?" என்றாள் பிரவீனா.

"வர்ற மாசம் மொத வாரமுங்க."

"எங்கிட்டச் சொல்லு. இவரையும் அன்னிக்கே கூட்டியாந்தர்றேன். தனியா வரச் சொன்னா வர மாட்டாரு."

"செரிங்க அண்ணி."

பஸ் மல்லூரைத் தாண்டியது. காற்றில் மழை வாசம் இருந்தது. ரோட்டில் எதிரே வந்த லாரிகள் எல்லாம் பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு போயின. தனப்பிரியாவுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. முன்பு அப்படி அடைத்திருந்தால் அவள் நடுங்கியிருப்பாள். இப்போது அது வேறு என்று தெரிந்தது.

"அண்ணி, அன்னிக்கு உங்களக் கேட்டிருக்கோணுங்க."

பிரவீனா மடியில் இருந்த பையைச் சரியாக வைத்துக்கொண்டாள். "கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

தனப்பிரியா தலையாட்டினாள்.

"ஆனாலும் கேட்டிருக்கோணும்" என்றாள் பிரவீனா.

இராசிபுரத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. சரவணமுத்துவுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் தூங்கிப்போனான்.